ஸ்கேன் சீட்டும் என் பொருளாதாரமும்

எனக்கு ஒருவன்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போகும் தேவை, அளிப்பு, கமிஷன் எல்லாம் ஏதோ படிப்பு விஷயம் என்று நினைத்துவிடுவீர்கள். நானே பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் அவனுடைய மருந்துக்கடை இருக்கிறது. ஊரில் எத்தனையோ மருந்துக்கடைகள் உண்டு. ஆனால் ‘மெடிக்கலுக்குப் போயிட்டு வாரேன்’ என்று யாராவது சொன்னால் அது அவன் கடைதான். நானும் அவனும் பி.ஏ. பொருளாதாரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். புள்ளியியல் தாளை அவன் என்னைப் பார்த்துத்தான் எழுதினான். பட்டத்தைக் கையில் வாங்கியதும், “இத வச்சு என்னலே செய்ய?” என்று கேட்டான். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்திருந்ததால் மருந்தாளுநர் டிப்ளமோ படிக்கப் போய்விட்டான். நான் எம்.ஏ., எம்.பில்., பிஎச்.டி. என்று மேலே மேலே போனேன். இப்போது ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்பது தெரியாது. அவன் காலையில் எத்தனை மணிக்கு ஷட்டரைத் தூக்குவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் ஆய்வேட்டின் தலைப்பு ‘சிறுநகரங்களில் மருத்துவச் சந்தை’. காய்ச்சல் வந்தவர் முதலில் எங்கே போகிறார், டாக்டரிடமா, மெடிக்கலுக்கா, கோயில் புற்றுமண்ணுக்கா, அந்த முடிவை எதை வைத்து எடுக்கிறார் என்பதுதான் கேள்வி. நீளமான படிவம் ஒன்றை அச்சடித்துக்கொண்டு அவன் கடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். “இங்கன உக்காருலே, கூட்டம் இங்கனதான் வரும்” என்று இடம் கொடுத்ததும் அவன்தான்.

முதல் நாள், குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், “மருத்துவரை அணுகாமல் மருந்துக்கடையை நாடுவதற்கு என்ன காரணம்?” என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“அண்ணாச்சி, இவுக யாரு, கவர்மெண்டா? ரேஷன் கார்டுல பேர எடுத்துருவாவளா?”

“அதெல்லாம் இல்லம்மா, நம்ம ஆளுதான்.” அவன் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே கேட்டான். “டாக்டர்ட்ட போகாம ஏன் இங்க வந்திய?”

“அங்க போனா ஒரு நாள் கூலி போயிரும்லா. டோக்கனப் போட்டு உக்காரணும். உள்ள போனா அவரு மொகத்தக்கூட பாக்க மாட்டாரு, எழுதி நீட்டிருவாரு. நீங்கன்னா என்ன செய்யுது ஏது செய்யுதுன்னு கேப்பிய.”

வாய்ப்புச் செலவு, காத்திருப்பின் விலை, சேவையின் தரத்தைப் பற்றி நுகர்வோருக்கு இருக்கும் தகவல். என் படிவத்தில் மூன்று பக்கம் பிடித்த சங்கதி அந்த அம்மாவின் ஒரே மூச்சில் வந்து விழுந்துவிட்டது. கேட்டது நான். பதில் போனது அவனுக்கு. அன்றிலிருந்து நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். அவன் பேசப் பேச ஓரத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். ஆய்வேட்டின் முன்னால் நன்றியுரை எழுதும்போது நூலகர், தட்டச்சு செய்துகொடுத்தவர், பைண்டிங் போட்டவர் வரைக்கும் நன்றி சொன்னேன். அவன் பெயர் அதில் இல்லை. மறந்துபோகவில்லை. எழுதிவிட்டு அடித்தேன்.

அவனுக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. எங்கள் பக்கத்தில் மெடிக்கலுக்குப் போய் “காய்ச்சலுக்கு ரெண்டு செட்டு குடுங்க” என்று கேட்கிற வழக்கம் உண்டு. ஒரு வேளைக்கு விழுங்க வேண்டிய நாலைந்து மாத்திரைகளைச் சேர்த்து ஒரு சிறு காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். அதுதான் ஒரு செட்டு. அவன் கையால் இரண்டு செட்டு வாங்கி விழுங்கினால் மூன்றாம் நாள் ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். இதில் கைராசி எங்கே வந்தது? சாதாரணக் காய்ச்சல் நாலைந்து நாளில் தானாகவே இறங்கிவிடும். ஜனங்கள் முதல் இரண்டு நாள் வீட்டில் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவனிடம் வருகிறார்கள். இறங்கப்போகிற காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துப் பேர் வாங்கிக்கொள்கிறான், அவ்வளவுதான். தரத்தை அளக்க வழியில்லாத சந்தையில் வாங்குபவர் பேரை நம்பித்தான் வாங்குவார். இதை நான் என் மனைவிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“அப்ப மத்த கடையிலயும் மூணாம் நாளு வாங்குதாங்க. அங்க ஏன் கைராசி வரமாட்டேங்கு?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

என் மனைவி நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எதையும் சட்டென்று நம்புகிற ஆள் கிடையாது. காய்கறிக் கடையில் தராசு முள் நிற்கும்வரை கண் எடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் அவன் விஷயத்தில் மட்டும் தராசைப் பார்ப்பதில்லை. “மெடிக்கல் அண்ணன் சொன்னாவ” என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. எண்ணெய் மாற்றச் சொன்னாவ, மாற்றியாயிற்று. வெயிலில் நடக்க வேண்டாமென்று சொன்னாவ, நடை காலை ஆறு மணிக்குப் போயிற்று. இதே எண்ணெய் விஷயத்தை நான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உடல்நலம் என்பது ஒரு மூலதனம், வருடா வருடம் தேயும், அதைப் பராமரிக்க முதலீடு செய்ய வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். “தோசைய எடுத்து வைங்க, ஆறுது” என்றாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று நடந்தது. எங்கள் துறையின் மாணவர் மன்றத் தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிடலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டோம். அவன் பேரைச் சொன்னார்கள். என் துறை. என் மாணவர்கள். தலைப்பும் நான் நடத்துகிற பாடம்: மருத்துவமும் பொருளாதாரமும். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினான்.

“ஒரே மருந்து, ஒரே அளவு. ரெண்டு கம்பெனி. ஒண்ணு வெல கம்மி, ஒண்ணு கூட. நான் ரெண்டையும் எடுத்து முன்னால வைப்பேன். பத்துல எட்டுப் பேரு வெல கூடுனத எடுப்பாங்க. ஏம்மான்னு கேட்டா, ‘பிள்ளைக்குலா அண்ணாச்சி’ம்பாங்க. தனக்குன்னா வெல கம்மியானத எடுத்துட்டுப் போவாங்க. மாத்திர ஒண்ணுதான். பயந்தான் வேற.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். விலையே தரத்துக்கு அடையாளமாக ஆகிவிடுவதைப் பற்றி நான் ஒரு வாரம் கரும்பலகையில் கோடு போட்டு நடத்தியிருந்தேன். அப்போது யாரும் கை தட்டவில்லை, இருவர் தூங்கினார்கள். கடைசியில் அவன், “எனக்குப் பொருளாதாரம்னு ஏதாவது தெரியும்னா அது உங்க சாரப் பாத்துப் பரிச்ச எழுதுனதுதான்” என்றான். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். என்னை மட்டந்தட்டிப் பேசியிருந்தால்கூட அவனை வெறுக்க ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அவன் அதையும் தரவில்லை. நான் மேடையில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், தாடை வலித்தது.

இந்த நிலைமையில்தான் என் மனைவிக்கு வலி வந்தது.

முதலில் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. அரை மணி நேரம் இருக்கும், போய்விடும். பள்ளிக்கூடத்தில் நேரத்துக்குச் சாப்பிடாததால் வாய்வு என்று அவளே முடிவு கட்டினாள். மெடிக்கலில் வாய்வு மாத்திரை வாங்கி வந்தாள். பதினைந்து நாள் கழித்து மறுபடி வலி, இந்த முறை முதுகுப்பக்கம் தோள்பட்டை வரை ஏறியது. மறுபடி மாத்திரை. கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணைக் குழைத்து விலாவில் பூசிக்கொண்டாள். மூன்றாம் முறை மாத்திரை வாங்கப் போனவள் வெறுங்கையோடு வந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும்.

“அண்ணன் மாத்திர தரமாட்டேன்னுட்டாவ. வலி எங்கன தொடங்குது, எங்கன போவுதுன்னு கேட்டாவ. இது வாய்வு இல்ல, பித்தப்பையில கல்லு இருந்தாலும் இருக்கும், வயித்த ஸ்கேன் பாத்துருங்கன்னு எழுதிக் குடுத்தாவ.”

சீட்டில் ஒரு ஸ்கேன் சென்டரின் பெயரும், எந்த ஸ்கேன் என்பதும், காலையில் வெறும் வயிற்றில் போக வேண்டும் என்பதும் அவன் கையெழுத்தில் இருந்தன.

இங்கே என் பாடத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கத்திரிக்காய் வாங்கப் போனால் எவ்வளவு வேண்டும் என்பதை நாம் சொல்கிறோம். வைத்தியத்துக்குப் போனால் எவ்வளவு வேண்டும் என்பதை விற்கிறவர் சொல்கிறார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இன்னொரு ஸ்கேன். வாங்குகிறவருக்கு விவரம் தெரியாது, தலையாட்டுவார். அளிப்பவரே தேவையையும் உண்டாக்கிவிடுகிறார் என்பது இந்தத் துறையில் பழைய பாடம். ஆளை அனுப்பி வைத்தவருக்கு ஒரு பங்கு போகும் என்பதும் ஊரறிந்த ரகசியம். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுக்க அதுதான்.

ஆனால் அதே பாடத்தில் அடுத்த பக்கமும் உண்டு. தன் சரக்கைத் தானே விற்க மறுக்கிறவன் சொல்லும் தகவலுக்கு மதிப்பு அதிகம். கடைக்கு வந்தவளிடம் மாத்திரையைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வதை விட்டுவிட்டு ஒருவன் ‘தரமாட்டேன்’ என்கிறான் என்றால், நின்று கவனிக்க வேண்டும். இதையும் நான் வருடா வருடம் நடத்துகிறேன். பரீட்சைக்குக் கேள்வியாகவும் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. நான் முந்தின பக்கத்தையே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அதில் அவன் அயோக்கியன்.

சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இதுக்குப் பேருதான் கமிஷன். கல்லும் கிடையாது மண்ணும் கிடையாது” என்றேன்.

“அண்ணன் அப்படிச் செய்யமாட்டாவ.”

அவள் சொன்ன அந்த மூன்று வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. அவள் ‘ஒருவேளை இருக்கலாம்’ என்று ஒப்புக்குச் சொல்லியிருந்தால்கூட நான் மறுநாளே ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நேராகக் கடைக்குப் போனேன். சாயங்காலம், பத்துப் பேர் நிற்கிற நேரம். கண்ணாடிப் பெட்டிமேல் சீட்டை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

“இதுல ஒனக்கு எத்தன பெர்சன்ட்டு?”

நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். முகம் ஒரு கணம் சுருங்கிப் பழையபடி ஆயிற்று. நான் எதிர்பார்த்தது கோபம். கோபம் வந்தால் அது குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொள்ளலாம் என்று தயாராக வந்திருந்தேன்.

“சரிலே. அங்க வேண்டாம். வேற எடத்துல பாரு. தின்னவேலி கவர்மெண்டு ஆஸ்பத்திரியில வேணும்னாலும் பாரு. ஆனா பாத்துரு. தள்ளிப் போடாத.”

அவ்வளவுதான். அடுத்து நின்றவரிடம், “ஒங்களுக்கு என்னம்மா?” என்று திரும்பிவிட்டான்.

இப்போது யோசித்தால், இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்? எங்கே வேண்டுமானாலும் பார் என்றவனுக்கு என்ன பங்கு வந்துவிடப் போகிறது? ஆனால் வேறு இடத்தில் பார்த்தாலும் அவன் சொன்னதைக் கேட்டதாகத்தானே ஆகும். கல் இருந்துவிட்டால் அவன் கைராசியோடு கண்ராசியும் சேர்ந்துவிடும், ஊரெல்லாம் அதே பேச்சாக இருக்கும். கல் இல்லாவிட்டால்தான் எனக்கு வெற்றி. இல்லை என்று தெரிந்துகொள்ள ஸ்கேன் எடுக்க வேண்டும். எடுத்தால் அவன் சொன்னபடி எடுத்ததாகிவிடும். மனைவிக்கு வலி என்கிற விஷயம் இந்தக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

“கொஞ்ச நாள் பாப்போம்” என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற வேறொரு கடையில் அதே வாய்வு மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கடை நல்ல கடை என்று அவளிடம் சொன்னேன். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். மெடிக்கல் அண்ணன் பேச்சை வீட்டில் எடுப்பதை நிறுத்திக்கொண்டாள். அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் வலி வருவதும் போவதுமாக இருந்தது. பிறகு பத்து நாள் வரவே இல்லை. நான் மனதுக்குள் துள்ளினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, கொண்டாடுவது என்று சொல்லாமல், மட்டன் பிரியாணி வாங்கி வந்தேன். எண்ணெய் அதிகம் என்று முதலில் தயங்கினாள். “ஒண்ணும் செய்யாது, சாப்பிடு” என்று நான்தான் வைத்தேன்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தது. குப்புறப் படுத்தாள், எழுந்து உட்கார்ந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எந்தப் பக்கமும் தாங்கவில்லை. வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில் தூக்கித் தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சல். போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது மஞ்சள்காமாலை, வாசுதேவநல்லூர் பக்கம் பச்சிலை கொடுக்கிறவர் இருக்கிறார், மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. பச்சிலைக்காரரிடம் போனால் அவனிடம் போக வேண்டாம் அல்லவா? அவள்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“அண்ணனுக்குப் போன் போடுங்க.”

போட்டேன். மூன்று வார்த்தை பேசுவதற்குள் அவன், “கண்ணு மஞ்சளா இருக்கா? குளிரு இருக்கா?” என்று கேட்டான். இருக்கிறது என்றேன். “வாசல்ல கொண்டாந்து நிறுத்து, வாரேன்.” திங்கட்கிழமை காலை, கடையில் கூட்டம் நெரிகிற நேரம். ஷட்டரை இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். தெருமுனையைத் தாண்டும்போது பார்த்தேன், மூடிய கடை முன்னால் ஜனங்கள் சீட்டும் பையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

திருநெல்வேலி ரோட்டில் அவன் ஓட்டினான். நான் பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பனவடலிசத்திரம் தாண்டும்வரை நான் அவளிடம் என்னென்னவோ கேட்டேன். தண்ணீர் வேண்டுமா, ஜன்னலைத் திறக்கவா, எப்படி இருக்கிறது? எதற்கும் பதில் இல்லை. முன்னாலிருந்து அவன், “தங்கச்சி, ஒண்ணுக்கு என்ன நெறத்துல போச்சு?” என்று கேட்டான். “கட்டன்காப்பி மாதிரிண்ணே” என்றாள். “காலையில எப்ப சாப்பிட்டிய?” “சாப்பிடலண்ணே.” அவ்வளவு வலியிலும் அவனுக்கு மட்டும் பதில் வந்தது. மடியில் மனைவி அனலாகக் கொதிக்கிறாள், எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அதற்கும் பொறாமைப்பட்டேன். அந்த நிமிஷத்தில்கூட.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். அதில் ஒன்று நழுவிக் குழாயில் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வயதானவர், கோபக்காரர். அவசரப் பிரிவில் அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில், அவன் கால்மாட்டில்.

“எத்தனை நாளா வலி?”

“ரெண்டு மாசம் சார்” என்றேன்.

“ரெண்டு மாசமா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? ஒரு ஸ்கேன் எடுக்கணும்னு யாருமே சொல்லலையா?”

நான் வாயைத் திறந்தேன். முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை ‘சொன்னார்கள்’ என்பது. அது வரவில்லை. டாக்டர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

“மெடிக்கல்ல வாய்வு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாங்க சார். நான்தான் குடுத்தேன்.”

டாக்டர் அவனைப் பிடித்துக்கொண்டார். உங்களை மாதிரி ஆட்களால்தான் இத்தனை பேர் முற்றிப்போய் வருகிறார்கள், படிக்காத ஜனங்களை ஏமாற்றுகிறீர்கள், வெறும் மாத்திரை விற்கிற உங்களுக்கு வைத்தியம் எதற்கு, இவர் படித்தவர், இவரே உங்களை நம்பி ஏமாந்திருக்கிறார் பாருங்கள் என்று, நர்ஸ்கள், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “ஆமா சார், தப்புத்தான் சார்” என்றான். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைக்கு இருமுறை படித்தேன்.

வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு பித்தப்பையை அகற்றினார்கள். அவன் தினமும் கடை அடைத்தபின் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். டாக்டர் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமலே அது ஆறிவிடும் என்று நினைத்தேன். ஸ்கேன் சென்டரில் அவனுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. உண்டு என்று யாராவது வந்து சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை இப்போதும் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை, அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். அவன் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த இட்லி. பாதியில் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கு டாக்டரு அண்ணன அந்தப் போடு போட்டாரே. நான் ஸ்ட்ரெச்சர்ல கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். நீங்க ஏன் வாயத் தொறக்கல?”

நான் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்ததே அதுதானே. இந்தச் சந்தையில் விவரம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது, அனுப்புகிறவருக்குப் பங்கு போகிறது, அதனால் எந்தச் சீட்டையும் சந்தேகப்படுவதுதான் அறிவுள்ள நுகர்வோர் செய்கிற காரியம், நான் உன் நன்மைக்காகத்தான் தள்ளிப்போட்டேன், எந்த ஆராய்ச்சியாளனும் அப்படித்தான் செய்திருப்பான் என்று பத்து நிமிஷம் பேசினேன். நான்காம் இயலைக் கிட்டத்தட்ட முழுசாகச் சொல்லிவிட்டேன். அவள் குறுக்கே பேசவில்லை. அத்தனை வருட வாழ்க்கையில் நான் சொன்ன பொருளாதாரத்தை அவள் கடைசிவரை கேட்டது அன்றுதான்.

கேட்டு முடித்துவிட்டு, வயிற்றுக் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

“நீங்க சொல்லுததெல்லாம் சரியாத்தான் இருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா ஒங்களுக்கு அண்ணன் மேல பொறாம. அது எனக்குக் கல்யாணம் ஆன புதுசுலயே தெரியும், நான் ஒண்ணும் சொன்னதில்ல. அவியமேல பொறாமன்னா அவியட்டல்லா காட்டணும். என் ஒடம்பையா பந்தயம் வைப்பிய?”